வைன் பெட்டிக்குள் கருவாடு

தலைமுடி ஈரத்தில் நீளும்; காற்று உலர்ந்தால் குறுகும். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் பௌதிகம் படிப்பித்தபோது இதை வருடந்தோறும் கரும்பலகையில் எழுதினேன். ஒருமுறைகூடச் செய்து காட்டியதில்லை. ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், ஒரு வாடகை வீட்டின் நிலவறையில், கஞ்சா உலர்த்துவதற்காகத்தான் முதன்முதலாகச் செய்து பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டில் கிடந்தது. நான்காவது வருடம். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். வேலை இல்லாத நேரத்தில் என்னால் ஓரிடத்தில் இருக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் ஆடும். கடிதம் வந்திருக்குமோ என்று தபால்பெட்டியை ஒரே காலையில் மூன்று தடவை திறந்து பார்ப்பேன். தபால்காரர் பதினொரு மணிக்குத்தான் வருவார் என்பது எனக்குத் தெரியும்.

என்னோடு அந்த வீட்டில் இருந்தவர் மன்னார்க்காரர். கடற்தொழில் செய்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஆகையால் எனக்கு அண்ணை. நான் அவருக்கு மாஸ்டர். அவருடைய விண்ணப்பம் அந்த வருடம் ஏற்கப்பட்டுவிட்டது. மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். அவர்களை அழைப்பதற்கான அன்ட்ராக்கை, அதாவது விண்ணப்பத்தை, கொடுக்க வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒக்டோபர் கடைசியில் அவருக்கு ஒரு டெர்மின், முன்கூட்டிக் குறித்த நேரம், கிடைத்திருந்தது. மூத்தவளுக்கு டிசம்பரில் பதினாறு முடிகிறது. பதினாறு முடிவதற்குள் விண்ணப்பம் பதிவாக வேண்டும். முடிந்துவிட்டால் அவளைக் கூப்பிடுவது மிகக் கடினம். அந்தத் தாளை அவருக்கு வாசித்து விளங்கப்படுத்தியவன் நான்தான். எங்கள் இருவரில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவன் நான் மட்டும்தான்.

உணவகத்தில் மதுபானம் ஊற்றுகிறவன் ஒருவன் இருந்தான். நீண்ட பொன்னிற முடியைக் குதிரைவாலாகக் கட்டியிருப்பான். செப்டெம்பரில் ஒருநாள் கழுவுதொட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஹெர் லேரர்," என்றான். வாத்தியார் ஐயா என்று அர்த்தம், பாதி கேலி. "நீங்கள் பௌதிகம் படிப்பித்தவர்தானே? ஒரு கேள்வி இருக்கிறது."

நகரத்துக்கு வெளியே இருந்த அவனுடைய சிறு தோட்டத்தில், அவரைப் பந்தலுக்குப் பின்னால் நாலைந்து கஞ்சாச் செடிகள் வளர்ந்திருந்தன. போன வருடம் வெட்டிக் கொட்டகையில் கட்டியதெல்லாம் பூஞ்சணம் பிடித்து அழுகிவிட்டது. வெயிலில் வைத்தால் வைக்கோலாகிவிடுகிறது. மெதுவாக, ஒரே சீராகக் காய என்ன வழி?

சட்டவிரோதம் என்று எனக்குத் தெரியும். நான் புகைத்ததில்லை; அதன்பின்னும் புகைக்கவில்லை. அவனிடம் எதையும் வாங்கவும் இல்லை. நான்கு வருடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாம் எந்த வழியால் வந்தாய், யார் கூட்டி வந்தார், ஏன் திரும்பிப் போகக் கூடாது என்பவைதான். விடை தெரிந்த ஒரு கேள்வியை அன்றுதான் ஒருவன் கேட்டான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, "காற்று ஓட வேண்டும், ஆனால் அடிக்கக் கூடாது," என்று தொடங்கினேன். அரைமணி நேரம் பேசினேன். கோப்பைகள் குவிந்துவிட்டன.

உணவகத்தில் போத்தல்களைக் குளிராக வைக்கும் சிறிய வைன் பெட்டி ஒன்று பழுதாகி, கழிவுக்குப் போடுவதற்காகக் கொல்லையில் நின்றது. இடுப்பளவு உயரம், பழுப்புக் கண்ணாடிக் கதவு, உள்ளே மரத் தட்டுகள். குளிர்விக்கும் இயந்திரம் முனகும். குளிர் அரைகுறையாகத்தான் வரும். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவனுடைய காரில் ஏற்றிவந்து எங்கள் நிலவறைத் தடுப்புக்குள் இறக்கினோம். மேல் தட்டுகளைக் கழற்றிவிட்டு நூல் கட்டினேன். வீதியில் எறிந்திருந்த கணினி ஒன்றிலிருந்து சிறு காற்றாடியைக் கழற்றிப் பின்பக்கத்தில் பொருத்தினேன். மணம் வெளியே போகாதிருக்க, மீன்தொட்டிக்குப் போடும் கரியைப் பெண்களின் காலுறைக்குள் நிரப்பிக் காற்று வெளியேறும் துளையில் கட்டினேன். பிறகு ஈரமானி. "உன் முடியில் ஒன்று வேண்டும்," என்றேன். அவன் சிரித்துக்கொண்டே பிடுங்கித் தந்தான். அதைச் சவர்க்காரத்தில் கழுவி, ஒரு முனையை ஆணியிலும் மறு முனையை ஒரு வைக்கோல் முள்ளிலும் கட்டி, சிகரெட் பெட்டி அட்டையில் அளவு கீறினேன். கதவைத் திறந்ததும் முள் அசைந்தது. நான் கைதட்டினேன். அதை எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது.

கஞ்சாப் பூக்களை அவன் பழுப்புக் காகிதப் பைகளில் போட்டு வாய்கட்டித் தொங்கவிட்டுப் போனான். அதன்பின் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. வேலைக்குப் போகுமுன் கீழே இறங்குவேன். திரும்பி வந்ததும் மேலங்கியோடேயே இறங்குவேன்.

அண்ணை ஒருநாள் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார்.

"மாஸ்டர், உது என்ன, கோழிக்குஞ்சு பொரிக்கிற பெட்டியோ?"

"மூலிகை அண்ணை. ஒரு ஜெர்மன்காரனுக்கு முழங்கால் வருத்தம். காயவைச்சுக் குடுக்கிறன்."

அவர் காற்றாடிக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். "நல்ல காத்து. உதுக்குள்ளை ரெண்டு மீனைப் போட்டால் அந்தமாதிரிக் கருவாடு வரும். இந்த நாட்டு வெயில் முகம் கழுவத்தான் காணும்."

"ஏலாது அண்ணை. மூலிகை பழுதாப்போடும்."

"மன்னாரான்ரை கருவாடு பட்டால் உங்கடை மூலிகைக்கும் கொஞ்சம் புத்தி வரும்," என்று சிரித்தபடி மேலே போனார்.

அடுத்த கிழமை எனக்குக் காய்ச்சல். நான்கு நாள் எழும்ப முடியவில்லை. அண்ணை கஞ்சி காய்ச்சித் தந்தார். படுக்கையிலும் எனக்குப் பெட்டியின் நினைவுதான். காற்றாடி சுற்றுகிறதா என்று மட்டும் பார்த்து வரும்படி அவரை அனுப்பினேன். பார்க்கப் போனவர் சந்தையில் நாலு மாக்கிரல் மீன் வாங்கி, பிளந்து, உப்புத் தடவி, கீழ்த் தட்டில் பரப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. மூத்த மகளுக்குக் கருவாடு என்றால் உயிராம். டெர்மின் முடிந்து விசா வந்து அவர்கள் வரும்போது தயாராக இருக்கட்டும் என்று நினைத்தாராம். இதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

கஞ்சாவின் மணத்தை என் கரி விழுங்கியது. மன்னார்க் கருவாட்டின் மணம் அதற்கு அடங்கவில்லை. ஐந்தாம் நாள் மேல்மாடியில் குடியிருந்த கிழவி, நிலவறையில் யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று பொலிசுக்குத் தொலைபேசி எடுத்துவிட்டாள்.

இரண்டு பொலிஸ்காரர்களும் வீட்டுக் காவலாளியும் வந்தார்கள். எங்களையும் கீழே கூப்பிட்டார்கள். கதவைத் திறந்ததும் காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இளைய பொலிஸ்காரன் மீனைக் கண்டு சிரித்துவிட்டான். மூத்தவன் சிரிக்கவில்லை. மேலே தொங்கிய பையொன்றைக் கிழித்து முகர்ந்தான். என்னிடம் திரும்பி, "இது யாருடையது? இவரிடம் கேளுங்கள்," என்றான். ஜெர்மன் பேசுகிறவன் என்பதால் என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்துக்கொண்டான். கேள்வி எனக்கும் உரியது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

நான் அண்ணையைப் பார்த்தேன். அவருடைய கண் கீழ்த் தட்டிலேயே இருந்தது.

"இது ஆற்றை எண்டு கேக்கினம், அண்ணை."

"என்ரைதான் எண்டு சொல்லுங்கோ, மாஸ்டர். இவ்வளவு மணக்கும் எண்டு நான் நினைக்கேல்லை. பிழைதான். மன்னிக்கச் சொல்லுங்கோ."

நான் பொலிஸ்காரனிடம் சொன்னேன்: "தன்னுடையது என்கிறார். பிழைதானாம். மன்னிக்கும்படி கேட்கிறார்."

ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. ஒரு வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன். 'இவ்வளவு மணக்கும் எண்டு நான் நினைக்கேல்லை.' அதைச் சொல்லியிருந்தால் அவர் மீனைப் பற்றிப் பேசுகிறார் என்பது எந்த முட்டாளுக்கும் விளங்கியிருக்கும். அடுத்த கேள்வி என்னிடம் வந்திருக்கும். என் மேன்முறையீட்டு விசாரணைக்கு ஆறு கிழமை இருந்தது.

பைகளோடு மீனையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார்கள். "மீனையும் கொண்டுபோறாங்களோ?" என்று அண்ணை கேட்டார். "கிழவி குறை சொன்னதுக்காகவோ?" ஒரு தாளை நீட்டினார்கள். நான் தலையாட்டினேன், அவர் கையெழுத்து வைத்தார்.

பத்து நாளில் மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. நான்தான் வாசித்தேன்: கஞ்சா வைத்திருந்ததாக அவர்மேல் வழக்கு. அண்ணை கடிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"மூலிகை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"அவன் என்னையும் ஏமாத்திப்போட்டான், அண்ணை."

"அப்ப போய் மீன் மட்டும்தான் என்ரை எண்டு சொல்லுவம், வாங்கோ."

"இப்ப போய்ச் சொன்னால் ரெண்டு பேரையும் பிடிப்பாங்கள். சின்ன வழக்கு. தானாவே மூடிவிடுவாங்கள். பேசாமல் இருங்கோ."

அவர் பேசாமல் இருந்தார். படித்தவன் சொல்கிறேன் அல்லவா? குதிரைவால்காரன் அதற்குள் உணவகத்தை விட்டே போய்விட்டான்.

டெர்மினுக்கு முதல்நாள் அண்ணை தன் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் அடுக்கினார். "நாளைக்கு நீங்களும் வாறியள்தானே, மாஸ்டர்? எனக்கு அங்கை வாயே திறக்காது."

"நாளைக்கு வேலை, அண்ணை. மாத்த ஏலாது."

வேலை இருக்கவில்லை. அந்த அலுவலகத்தில் யாராவது என்னிடம் பெட்டியைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். காலையில் அவருக்கு முன்னாலேயே வீட்டைவிட்டுக் கிளம்பினேன். ட்ராமில் ஏறினேன். கடைசித் தரிப்பிடத்தில் இறங்கி, எதிர்ப்பக்கத்தில் ஏறி, மறுபடி கடைசிவரை போனேன். மூன்றாவது தடவை சீட்டுப் பரிசோதகர் என்னை விசித்திரமாகப் பார்த்ததால் இறங்கி நடந்தேன். ஒன்பதே முக்காலுக்கு அவருடைய டெர்மின். ஒன்பதரைக்கு நான் அந்த அலுவலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு சப்பாத்துக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றேன். போயிருக்கலாம். கடையைச் சுற்றி நடந்தேன். பத்தரை ஆகியது.

நான் வீட்டுக்கு வந்தபோது அவர் கோப்போடு திரும்பி வந்திருந்தார். தாள் ஒன்றும் குறையவில்லை.

"வழக்கு இருக்குதாம். அதை முடிச்சுக்கொண்டு வரட்டாம். அந்தப் பொம்பிளை நல்ல மாதிரித்தான் சொன்னது. நான் சரி எண்டிட்டு வந்திட்டன்."

"கட்டாயம் இன்றே பதிந்து முத்திரை போட்டுத் தாருங்கள், முடிவைப் பிறகு எடுங்கள்" என்று சொல்ல வேண்டிய இடம் அது. நான் பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். அவ்வளவு ஜெர்மன் எனக்கு வரும். அன்றைக்கும் டிசம்பருக்கு ஐந்து கிழமை இருந்தது; இன்னொரு நாள் கூட்டிப் போயிருக்கலாம். "பாப்பம், அண்ணை," என்றேன்.

நவம்பரில் என் விசாரணை நடந்தது. ஆசிரியராக இருந்தவர், இங்கே இருந்த காலத்தில் எந்தப் புகாருக்கும் ஆளாகாதவர் என்று என் வழக்கறிஞர் சொன்னார். என்னை ஏற்றுக்கொண்டார்கள்.

அண்ணையின் வழக்கு ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டு, நான் சொன்னபடியே தானாக மூடப்பட்டது. அதற்கடுத்த கோடையில் மனைவியும் சின்ன மகளும் வந்தார்கள். மூத்தவளுக்குப் பதினேழரை ஆகியிருந்தது. அவளைத் தாயின் அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். விமான நிலையத்தில் அண்ணையின் மனைவி என்னிடம் முதலில் சொன்னது நன்றி. தாள்களை எல்லாம் வாசித்துத் தந்தேனாம்.

நான் வேறு வீடு பார்த்துப் போனேன். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர்கள் பூசை முடிந்து வந்திருக்கும் நேரம் பார்த்துப் போய்க் கதவைத் தட்டினேன். மனைவியும் பிள்ளையும் தேவாலயத்திலேயே நின்றுவிட்டார்கள். அண்ணை மட்டும் இருந்தார். சமையலறையில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: கேள்வி எதைப் பற்றியது, நான் எந்த வாக்கியத்தை விட்டேன், என்னை யாரும் ஏமாற்றவில்லை, டெர்மின் நாளில் எனக்கு வேலை இல்லை.

அவர் அடுப்பை நிற்பாட்டினார்.

"கீழை நீங்கள் பயந்தது எனக்கு விளங்குது. பொலிசைக் கண்டால் நானும் பயப்பிடுவன். அதை விடுங்கோ. டெர்மினுக்கு ஏன் வரேல்லை?"

சப்பாத்துக் கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன்.

"எங்கை நிண்டனீங்கள்?"

"ரெண்டு தெரு தள்ளி."

"ரெண்டு தெரு." அவர் கதிரையில் இருந்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அவள் என்னோடை கதைக்கிறேல்லை. அப்பா வேணுமெண்டே சின்னவளை மட்டும் கூப்பிட்டவர் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். கஞ்சா வழக்கு எண்டு அவளுக்கு நான் எப்பிடிச் சொல்லுறது? கருவாடு எண்டு சொன்னால் நம்புவாளோ?"

அவர் எழும்பி, சட்டைப் பையிலிருந்து தொலைபேசி அட்டையை எடுத்து, அதிலிருந்த நீண்ட இலக்கத்தை ஒவ்வொன்றாக அழுத்தினார். மணி போவதைக் கேட்டதும் ரிசீவரை என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் சொல்லுங்கோ. ஒண்டையும் விடாமல் சொல்லுங்கோ."

யாரோ எடுத்தார்கள். அவளைக் கூப்பிடப் போனார்கள். அட்டையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. நான் வயரின் நீளம் விட்டமட்டும் முன்னும் பின்னுமாக நடந்தேன்.

"ஆர்?" என்றாள்.

நான் யார் என்று சொன்னேன். பெட்டியிலிருந்து தொடங்கினேன். பிள்ளைக்கு விளங்கும்படி, வரிசையாக, படிப்பிப்பதைப்போலச் சொன்னேன். மீனைப் பற்றிச் சொன்னபோது, அது யாருக்காக என்றும் சொன்னேன். நான் முடித்தபோது அந்தப் பக்கத்து வீதியின் ஹோர்ன் சத்தம் கேட்டது.

"அப்பா பக்கத்திலை நிக்கிறாரோ?"

"ஓம் பிள்ளை."

"நீங்கள் விடுங்கோ. அப்பாட்டைக் குடுங்கோ."

கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தேன்.