சேறு தெறித்த பள்ளம்

செவ்வாய்க் கிரகத்தில் சின்ன வண்டி ஒன்று இறங்கி ஊர்ந்த ஆண்டு, என் மகள் பதினொன்றாம் வகுப்பு. மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் அந்த வண்டியைத்தான் அட்டையிலும் பேட்டரியிலும் செய்துகொண்டிருந்தார்கள். இவள் மட்டும் ஒரு பள்ளத்தைச் செய்யப்போகிறேன் என்றாள்.

வண்டி இறங்கிய இடத்துக்கு வெகு தொலைவில்லாத பள்ளம் அது. பெயர் யூட்டி. மேலிருந்து விண்கலம் எடுத்த பழைய படம் நூலகப் புத்தகம் ஒன்றில் இருந்தது. விண்ணிலிருந்து பாறை விழுந்து உண்டான குழி. குறுக்களவு திருநெல்வேலிக்கும் கங்கைகொண்டானுக்கும் இடையே உள்ள தூரம் இருக்கும். நடுவில் ஒரு குன்று. விளிம்பைச் சுற்றிலும் இதழ் இதழாக ஏதோ வழிந்து உறைந்திருந்தது. அந்த இதழ்களில்தான் அவளுக்குக் கண்.

நிலவியல் படிக்க வேண்டும் என்று அப்போதே சொல்லத் தொடங்கியிருந்தாள். அதற்கு வெளியூர்க் கல்லூரிக்குப் போக வேண்டும். என் கணவர் ஒரு நிபந்தனை வைத்தார்: “மாவட்டத்துல மொத எடம் வா, அனுப்புதேன். இல்லைன்னா இங்கனயே பி.காம்.”

அவருடைய அக்கா, என் மதினி, வந்திருந்தபோது இதைக் கேட்டுச் சிரித்தாள். “ஏளா, பொட்டப்பிள்ளைய சுத்தியலும் கையுமா மலை மலையா அலைய விடப்போறியா? ரோடு போடுதவன்கிட்ட கேட்டா லாரி லாரியாக் கல்லு தருவானே!”

நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சுத்தியலும் மலையும் என் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டன. நான் பி.ஏ. படித்தவள், அரசு அலுவலகத்தில் எழுத்தர். மதினி சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவள் அல்ல. இருந்தும் பயந்தேன்.

திருச்செந்தூருக்குப் போய்த் திரும்பும்போது வழியில் இறங்கி, தேரி என்னும் செம்மணல் மேட்டில் இரண்டு பை மணல் அள்ளிவந்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பஸ் ஏறி ஆற்றுப் பாசன வயல் ஒன்றுக்குப் போனோம். உழுது, சேறு குழப்பித் தொழியாக்கி நடவுக்குத் தயாராக இருந்த வயல். வயல்காரர் என் கணவருக்குத் தெரிந்தவர். மகள் வரப்பில் நின்று, கையோடு கொண்டுவந்த இரும்புக் குண்டை ஓங்கியதும் அவர் ஓடிவந்தார்.

“நாத்து நட ஆளைக் காணும்னு நான் நிக்கேன், நீங்க குண்டு நடுதியளாக்கும்!”

“ஒரே ஒரு தடவ, அண்ணாச்சி. எடுத்துருவேன்.”

“எடுக்காட்டா நடவுக்காரி காலை இடிச்சுக்கிட்டு என்னையத்தான் ஏசுவா, பாத்துக்க.”

குண்டு விழுந்தது. சேறு எழும்பி, சுற்றிலும் தடித்த இதழ்களாக வழிந்து நின்றது. புத்தகப் படத்தில் இருந்த அதே இதழ்கள். அவள் கைதட்டினாள். ஒரு வாளிச் சேற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டோம்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். “காஞ்ச தேரி மணல்ல போட்டா பொடியாச் சிதறும்மா. ஈர மண்ணுதான் இப்படி வழியும். அப்போ செவ்வாயில அந்தத் தரைக்கு அடியில என்ன இருந்திருக்கணும்?”

“தண்ணியா?”

“பனிக்கட்டியா ஒறைஞ்சு கெடந்திருக்கும். பாறை விழுந்த சூட்டுல உருகி, சேறாத் தெறிச்சிருக்கும்னு சொல்லுதாங்க. இந்த இதழ்தாம்மா அதுக்குச் சாட்சி.”

எனக்குப் புரிந்தது. முழுதாகப் புரிந்தது. இதை நான் இங்கேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டு தட்டுகள் செய்தாள். ஒன்றில் தேரி மணல் பள்ளம். மற்றதில் சேற்றுப் பள்ளம். அதன் நடுவில் குன்றைக் கையால் பிடித்து வைத்திருந்தாள். கண்காட்சி அன்று காலையில் அவள் குளித்துக்கொண்டிருந்தாள். காய வைத்திருந்த தட்டுகளைத் துணியால் மூடிக் கட்ட நான் மாடிக்குப் போனேன். சேறு இன்னும் முழுதாகக் காயவில்லை. என் கையில் ஈரத்துணி இருந்தது. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, ஓரத்தைச் சுத்தம் செய்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கைந்து இழுப்பில் இதழ்கள் போய்விட்டன. மேலே சிவப்பு மணலைத் தூவினேன். பள்ளமும் நடுக்குன்றும் மட்டும், மைய மண்டபம் வைத்த தெப்பக்குளம் மாதிரி அழகாக இருந்தன. துணியைப் போட்டுக் கட்டினேன்.

பரிசு முடிவு செய்ய வந்த கல்லூரி ஆசிரியர் அவள் பேசியதை நின்று கேட்டார். பேசிக்கொண்டே துணியை விலக்கியவள் பாதியில் நின்றுபோனாள்.

“நல்லாச் சொல்லுதம்மா. சேறு வழிஞ்ச தடம் எங்க? ரெண்டு தட்டும் ஒரே மாதிரில்லா இருக்கு?”

அவள் பெற்றோர் வரிசையில் இருந்த என்னைப் பார்த்தாள். அவர் அடுத்த மேசைக்குப் போனார். முதலிடம் பேட்டரி வண்டிக்கு.

வீடு திரும்பும் வழியில், வண்ணார்பேட்டை நெரிசலில் ஆட்டோ நின்றிருந்தபோது, “ஏம்மா தொடச்ச?” என்று கேட்டாள்.

“அசிங்கமா இருந்துச்சுட்டி. தெரியாமத் தொடச்சிட்டேன்.”

அழவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி வந்தாள்.

இப்போது அவள் உள்ளூரில் பி.காம். முதலாண்டு. போன வாரம் காலையில் நாளிதழில் ஒரு செய்தியை உரக்கப் படித்தாள். செவ்வாயின் தென்துருவத்தில் மண்ணுக்குள் பனி இருக்கிறதா என்று பார்க்கப் போன விண்கலம் ஒன்று, இறங்கும்போது தொடர்பு அறுந்து காணாமல் போய்விட்டதாம். தாளை மடித்துவிட்டுச் சொன்னாள்:

“அன்னைக்கு பஸ்ஸுல நான் ஒனக்குச் சரியாச் சொல்லலம்மா. சொல்லியிருந்தா நீ தொடச்சிருக்க மாட்ட. ஒனக்கே புரிய வைக்கத் தெரியல, அந்த சாருக்கு எங்க புரிய வைக்க? எனக்கு பி.காமே சரிதான்.”

நீ நன்றாகத்தான் சொன்னாய் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அடுத்து அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

“இட்லி ஆறுதுட்டி, சாப்பிடு” என்றேன்.

சாப்பிட்டாள். எனக்கும் ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் போனாள்.