விரலில் இறுகிய பேரிங்

எங்கள் வீட்டு கார் ஷெட்டில் கார் கிடையாது. ஒரு சின்ன லேத், ஒரு டிரில்லிங் மிஷின், ஜன்னலோரம் மேஜையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், பாதி பிரித்த மிக்ஸிகள், ஃபேன்கள் இவ்வளவும்தான் இருக்கின்றன. நான் நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். ஆறு நாள் உதிரி பாகங்களை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவேன். வார விடுமுறையான புதன்கிழமை ஷெட்டுக்குள் போய்விடுவேன். சாப்பாட்டுக்கு என் மனைவி வாசலில் நின்று கூப்பிடுவாள். உள்ளே வரமாட்டாள். இரும்புத்தூள் காலில் ஒட்டிக்கொண்டு, அவள் தைக்க வைத்திருக்கும் பிளவுஸ் துணிகளில் ஏறிவிடுகிறது என்பது அவளுடைய நெடுநாள் குறை.

அந்தப் புதன்கிழமை, நெய்க்காரப்பட்டியில் இருக்கும் என் கொழுந்தியாள் வீட்டு கிரைண்டர் மேஜைமேல் கிடந்தது. பேரிங் போய், மாவு அரைத்தால் தெருவுக்கே கேட்கிறது என்று கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். பழைய பேரிங்கை உடைத்து எடுத்தேன். வெளி வளையம் பிளந்துவிட்டது. உள் வளையம் முழுசாக இருந்தது. வேறு எதற்காவது ஆகும் என்று அதை இடதுகை மோதிர விரலில் மாட்டிக்கொண்டு, எமரி தாளால் துருவைத் தேய்க்க ஆரம்பித்தேன். விரலெல்லாம் மண்ணெண்ணெய். வளையம் வழுக்கிக்கொண்டு நடுக் கணுவைத் தாண்டிப் போய் உட்கார்ந்துவிட்டது.

முதலில் சிரிப்புதான் வந்தது. சோப்புப் போட்டேன், எண்ணெய் விட்டேன், திருகித் திருகி இழுத்தேன். இழுக்க இழுக்க விரல் வீங்கியது. அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம். அரை மணி நேரத்தில் வளையத்துக்கு மேலே இருந்த விரல் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது.

"ஏனுங்க, சாப்பிட வாரீங்களா?" என்று வாசலில் வந்து நின்றவள் என் கையைப் பார்த்துவிட்டாள். "என்னங்க இது?"

"ஒண்ணுமில்ல, செத்த நேரத்துல வந்துரும்."

"எங்க வரும்? நீலமாயிருக்குதுங்க!"

அன்றைக்குத்தான் அவள் செருப்புக்கூடப் போடாமல் அந்த இரும்புத்தூளை மிதித்து உள்ளே வந்தாள். என் வலது கையைப் பிடித்து எழுப்பி, இரண்டு தெரு தள்ளியிருக்கும் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். அவசரப்படாமல் பேசுகிறவர். விரல் நுனியிலிருந்து நூலைச் சுற்றி வளையத்துக்கு அடியில் நுழைக்கப் பார்த்தார். வளையம் ரொம்ப அகலம், நூல் போகவில்லை. மோதிரம் அறுக்கும் சின்ன கட்டரை எடுத்தார். அது வளையத்தின்மேல் கீறலே போடாமல் வழுக்கியது.

"தங்கம், செம்புன்னா அறுத்துருவேன் தம்பி. இது என்ன இரும்பு?"

"பேரிங் இரும்புங்க டாக்டரம்மா. ரம்பமே ஏறாது."

அவர் என் நகத்தை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். வெளுத்த இடம் வெளுத்தபடியே இருந்தது, ரத்தம் திரும்பவில்லை. அதன்பிறகு அவர் முகம் மாறிவிட்டது. தீயணைப்பு நிலையத்துக்கு போன் போட்டார். சாணார்பட்டிப் பக்கம் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கப் போயிருக்கிறார்கள், வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும் என்றார்கள். மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலும் அவ்வளவு நேரம் ஆகும்.

"அம்புட்டு நேரம் விரல் தாங்காது" என்றார்.

"வீட்டுல அறுக்குற மிஷின் இருக்கு" என்றேன்.

"யாரு அறுப்பா?"

"நானே."

அவர் என்னைப் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டார். "நானும் வாரேன். நடங்க."

நடக்கும்போது, விரல் மரத்துப்போக ஊசி போடக் கூடாதா என்று கேட்டேன்.

"மரத்துப்போனா சுடுறது உனக்குத் தெரியாது தம்பி. தெரியணும். சுட்டா கத்து."

என்னிடம் இருந்தது ஒரு தொங்கும் மோட்டார். கூரைக் கொக்கியில் அது தொங்கும். அதிலிருந்து வளைந்து வரும் குழாயின் நுனியில் பேனா மாதிரி ஒரு கைப்பிடி. கைப்பிடியில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய அறுக்கும் தட்டைப் பொருத்தலாம். வேகத்தைக் கூட்டக் குறைக்க காலடியில் பெடல். மோட்டார் மேலே தனியாக இருப்பதால், அறுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றினாலும் பயமில்லை. டப்பாவைத் திறந்து பார்த்தேன். தட்டு மூன்றுதான் இருந்தது.

கையை ஒரு மரக்கட்டைமேல் வைத்துத் துண்டால் கட்டினார்கள். வளையத்துக்கும் தோலுக்கும் நடுவில் காகிதம்போல மெல்லிய எஃகுத் தகடு ஒன்றை டாக்டரம்மா எண்ணெய் தடவி நுழைத்தார். வலியில் எனக்குக் கண் இருட்டியது. மூன்று பேரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். நான் வலது கையில் கைப்பிடியைப் பிடித்துப் பெடலை மிதித்தேன்.

எத்தனையோ இரும்பை அறுத்த கை அது. முதல் பொறி பறந்ததும் இடது கை தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது, வலது கை தானாக மேலே எழும்பியது. தட்டு சாய்ந்து படீரென்று உடைந்து சுவரில் அடித்தது. டாக்டரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, ஒற்றைக் கையால் இரண்டாவது தட்டைப் பொருத்தினேன். பெடலில் கால் வைக்கும் முன்பே கை ஆடியது. எவ்வளவு பல்லைக் கடித்தாலும் அந்த ஆட்டம் நிற்கவில்லை.

"தள்ளுங்க. இங்க குடுங்க" என்றாள் என் மனைவி.

"உனக்கு இது தெரியாது."

"பெடல் தெரியுமுங்க. பொழுதன்னைக்கும் தையல் மிஷின்ல அதைத்தான் மிதிக்கறேன். எங்க வைக்கோணும், அதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். "நடுவுல பள்ளம் ஓடுதுல்ல, அங்க ஆரம்பி. அழுத்தாத. தட்டு தானா தின்னுக்கிட்டே போகும். மூணு எண்ணு, எடுத்துரு."

அவள் மிதித்தாள். சத்தம் ஒரே சீராக ஏறியது. ஒன்று, இரண்டு, மூன்று, எடுத்தாள். டாக்டரம்மா ஃபிரிட்ஜ் தண்ணீரை ஊற்றினார். மறுபடி வைத்தாள். பொறிகள் அவள் முன்கையில் விழுந்தன. அவள் அசையவில்லை. ரோமம் கருகும் வாடை வந்தது.

"சுடுதா தம்பி?"

"இல்ல."

"பொய் சொல்லாத தம்பி, முழங்கை துடிக்குது" என்று டாக்டரம்மா இன்னும் தண்ணீர் ஊற்றினார்.

எனக்கு விரலைப் பார்க்கத் தைரியம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்டேன். கெட்டி இரும்பை அறுக்கும்போது கம்மிய சத்தம். திடீரென்று அது கீச்சென்று மாறியது. தட்டு அடியில் இருந்த தகட்டைத் தொட்டுவிட்டது. "நிறுத்து!" என்று நான் கத்தி முடிப்பதற்குள் அவள் கால் மேலே வந்துவிட்டது.

ஒரு பக்கம் அறுந்தாயிற்று. ஆனால் அந்த இரும்பு வளையாது, விரிக்க முடியாது. எதிர்ப்பக்கமும் அறுக்க வேண்டும். கையை மல்லாத்திக் கட்டினார்கள். உள்ளங்கைப் பக்கம் சதை அதிகம், தகடு முழுசாக நுழையவில்லை. பாதி ஆழம் போனபோது இரண்டாவது தட்டும் உடைந்தது. ஒரு துண்டு அவள் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினாள். அதேபோல் ஒற்றைக் கையால் கடைசித் தட்டைப் பொருத்திக் கொடுத்தேன்.

அது அறுக்க அறுக்கத் தேய்ந்து சிறுத்தது. கொஞ்ச நேரத்தில் கைப்பிடியின் கழுத்து வளையத்தில் இடித்தது. அதற்குமேல் தட்டு இறங்கவில்லை.

"முடிஞ்சு போச்சுங்க. இன்னும் அறுபடலை" என்றாள்.

"கையைக் கவுத்துட்டு, ஸ்குரூ டிரைவரை முதல் வெட்டுல விட்டுத் திருப்பு. இது கண்ணாடி மாதிரி, பட்டுன்னு உடையும்" என்றேன்.

"உடைஞ்சு விரலைக் கிழிச்சுட்டா?"

"கிழிஞ்சா தைக்கத்தான் நான் நிக்கிறேன். திருப்பும்மா" என்றார் டாக்டரம்மா.

அவள் இரண்டு கையாலும் திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்து நின்று, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்துத் திருப்பினாள். டக் என்றது. வளையம் இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

ரத்தம் விரலுக்குள் திரும்பியபோதுதான் வலி என்றால் என்னவென்று தெரிந்தது. நான் கத்தினேன். டாக்டரம்மா நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீலம் போய் சிவப்பு வர எவ்வளவு நேரம் ஆனதென்று சொல்லத் தெரியவில்லை. வந்ததும் அவர் "ம்" என்றார், அவ்வளவுதான். உள்ளங்கைப் பக்கம் தட்டு கீறிய இடத்தில் மூன்று தையல் போட்டார். அதற்குள் கிளினிக்கிலிருந்து நான்கு முறை போன் வந்துவிட்டது. எங்கள் கண்ணாடியை நெற்றியில் மாட்டியபடியே வேகமாக நடந்து போனார்.

என் மனைவி கவிழ்த்து வைத்த ஆயில் டின்மேல் உட்கார்ந்தாள். பொறி விழுந்த முன்கையில் சின்னச் சின்னதாகக் கொப்புளங்கள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"ஏனுங்க" என்றாள். "என் விரலா இருந்திருந்தா, நீங்க அறுத்திருப்பீங்களா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உடைந்து கிடந்த முதல் தட்டு கண்ணில் பட்டது.

"தெரியல" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சோறு ஆறிப்போயிருக்கும் என்று எழுந்து வீட்டுக்குள் போனாள். அன்றைக்கு எனக்கு இடது கையால் தண்ணீர் டம்ளரைத் தூக்குவதுகூடச் சிரமமாக இருந்தது. விரல் நுனிக்கு உணர்ச்சி திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கிரைண்டர் மூன்று வாரம் அப்படியே கிடந்தது. கொழுந்தியாள் இரண்டு தடவை போன் செய்து கேட்ட பிறகு, புது பேரிங் வாங்கிவந்து, ஒரு புதன்கிழமை மெதுவாகப் பூட்டி அனுப்பிவைத்தேன்.