எலெக்ட்ரீஷியன் அடித்த கணக்குப் புத்தகம்

சும்மா சொல்லக்கூடாது, டீச்சர் மாதிரி ஒரு கணக்குப் பைத்தியத்தை அந்தத் தெருவே பார்த்ததில்லை. பால் வாங்க வந்த பிள்ளையைக்கூட நிறுத்தி வாய்ப்பாடு கேட்கிற ரகம். அப்படிப்பட்டவளுக்குத்தான் கண் நரம்பு பழுதாகி, பார்வை அடியோடு போனது.

புருஷன் எலெக்ட்ரீஷியன். கணக்கில் கோட்டை விட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்கே கும்பிடு போட்டவர். அவர் என்ன செய்தார் தெரியுமா? எழுத்தைச் சத்தமாகப் படிக்கிற மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டு, பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தட்டுத்தடுமாறி முழுசாக அடித்து ஏற்றினார். பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டால் அந்தக் குரல் ‘படம்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். குறிகளும் எழுத்தாகவே உள்ளே போக வேண்டும். வர்க்கமூலக் குறிக்கு விசைப்பலகையில் ஏது இடம்? எந்தப் புண்ணியவான்களோ எங்கோ உட்கார்ந்து, கணக்குக் குறிகளுக்கெல்லாம் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி தனித்தனி எண் கொடுத்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். மனுஷன் அதில் ஜாடை பார்த்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வைத்தார். பை என்ற குறியும் வந்தது, தீட்டா என்ற குறியும் வந்தது. குரல் பிசகாமல் சொன்னது.

ஆனால் டீச்சர் போட்ட கணக்கெல்லாம் தப்பாகவே வந்தது. மனசுக்குள் போட்டுப் பார்ப்பாள், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் விடையைக் கேட்பாள், ஒத்தே போகாது. எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியவள், சாதாரணச் சமன்பாட்டில் தடுக்கி விழுந்தாள். வெளியே சொல்லவும் வெட்கம். தலைமை ஆசிரியையோ அவள் வேலையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார். திங்கட்கிழமை வருவாளா மாட்டாளா என்று இன்றைக்குச் சொல்லியாக வேண்டும்.

“வரலைன்னு சொல்லிடுறேங்க,” என்று டீச்சர் போனைக் கையில் எடுத்தாள். “கண்ணு மட்டும் போயிருந்தா சமாளிச்சிருப்பேன். மூளையும் சேர்ந்து போயிடுச்சு. பிள்ளைங்க முன்னாடி நின்னு உளறச் சொல்றீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. அச்சுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். “போனைக் கீழ வை, டீச்சர். நான் ஒண்ணு படிக்கிறேன், போட்டுக் காட்டு.”

“உங்களுக்குப் படிக்க வருமா?”

“கிண்டலா? கேளு. கழித்தல் ஏழு, கூட்டல் நாலு எக்ஸ், சமம் அஞ்சு.”

“எக்ஸ் மூணு.” அவர் மூச்சு விடுவதற்குள் சொல்லிவிட்டாள்.

அவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். “அட, மூணேதான்!”

“இருங்க, இருங்க. கழித்தல் ஏழா? நேத்து இதே கணக்கை உங்க கம்ப்யூட்டர் வெறும் ஏழுன்னுதானே சொல்லுச்சு? எனக்குக் கழித்தல் அரைன்னு வந்துச்சு.”

அவர் திரையைப் பார்த்தார். ஏழுக்கு முன்னால் கோடு இருந்தது. குரலைப் பேசவிட்டார். அது கோட்டைக் கண்டுகொள்ளாமல் நேரே ஏழுக்குப் போனது.

கூத்தைப் பாருங்கள்! கஷ்டமான குறிகளையெல்லாம் தேடித் தேடிப் போட்டவர், கழித்தல்தான் விசைப்பலகையிலேயே இருக்கிறதே என்று கைக்கு எட்டிய சின்னக் கோட்டைத் தட்டியிருக்கிறார். அது சொல்லையும் சொல்லையும் இணைக்கப் போடுகிற கோடு. கண்ணுக்கு அதுவும் கழித்தல் குறியும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு அதன் எண் வேறு, இதன் எண் வேறு. இணைப்புக் கோடு வந்தால் அந்தக் குரல் சத்தமில்லாமல் தாண்டிவிடும். நடுவில் கோடு வந்த இடத்திலெல்லாம் குறியே காதில் விழாததால் டீச்சர் பெருக்கல் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள், பாவம்.

அவர் அட்டவணையில் அசல் கழித்தலைத் தேடிப் பிடித்து ஏழுக்கு முன்னால் வைத்தார். “கழித்தல் ஏழு,” என்றது குரல், அம்சமாக.

டீச்சர் தப்பாய்ப் போன கணக்குகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். காதில் விழுந்ததற்கு அத்தனையும் சரியான விடை. மூளைக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஓவென்று அழுதுவிட்டாள்.

“எல்லாம் என்னாலதான். ரெண்டு வார்த்தை திட்டிடு டீச்சர், அழாதே.”

“திட்டுறதா? கணக்குன்னாலே காத தூரம் ஓடுற மனுஷன், எனக்காக ஒரு புத்தகத்தையே அடிச்சிருக்கீங்க. குறிக்கெல்லாம் எண்ணு கொடுத்த மகராசன் யாரோ, அவரும் நல்லா இருக்கணும், நீங்களும் நல்லா இருக்கணும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டே போனை எடுத்தாள். “மேடம், திங்கட்கிழமை வரேன்,” என்றாள். போனை வைத்துவிட்டு, மேஜை மேல் துழாவி அவர் கையைப் பிடித்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள்.