செருப்பு உயரத்தில் ஒரு சித்திரக்கதை

கொழும்பு பஸ்ஸில் புத்தகப் பொதி வந்து சேர்ந்தால் அதைப் பிரிக்கும் உரிமை எனக்கும் என் கூட்டாளிக்கும் மாறி மாறி வரும். பிரிப்பதற்கு முன்னால் போனை ஒரு கதிரையில் சாய்த்து வைத்து வீடியோவை ஓடவிடுவோம். எங்கள் முகம் அதில் வராது. நான்கு கைகள், புரளும் பக்கங்கள், சண்டை பிடிக்கும் இரண்டு குரல்கள், அவ்வளவுதான். புதிதாக வரும் சித்திரக்கதைகளுக்கு விமர்சனம் சொல்வதுதான் எங்கள் சனலின் வேலை. பார்க்கிறவர்கள் கொஞ்சப் பேர். ஆனால் விடாமல் வந்து திட்டிவிட்டுப் போவார்கள்.

அன்றைக்குப் பிரித்தது தமிழில் மொழிபெயர்த்த ஒரு குதிரைவீரன் கதை. பாலைவனத்தில் துப்பாக்கியோடு நிற்கிறவன் "அடேய் அற்பனே!" என்று செந்தமிழில் கர்ஜிப்பான். எனக்கு அது பிடிக்கும். எங்கோ ஒரு நாட்டுக்காரன் எங்கள் மொழியில் கோபப்படுவது எப்படி இவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். கூட்டாளிக்கோ வேறு கவலை. இந்தக் கதையைப் படமாக்கினால் எதை வெட்டலாம், எதைச் சேர்க்கலாம்?

"குதிரைக்குப் பதிலா மோட்டசைக்கிள் குடுத்தா இன்னும் ஸ்பீடா போகும்" என்றான்.

"அப்ப அது இந்தக் கதை இல்லடா."

"ஏன் இல்ல? கதை எண்டா குதிரையா?"

இதுதான் எங்கள் தீராத வழக்கு. ஒருவர் உருவாக்கியதை இன்னொருவர் படமாக்கும்போது எதுவரைக்கும் மாற்றலாம்? மாற்றவே கூடாது என்பது என் கட்சி. மாற்றாவிட்டால் எதற்குப் படம், புத்தகத்தையே பார்த்துவிட்டுப் போகலாமே என்பது அவன் கட்சி. இருவரும் கெம்பஸில் ஒரே வகுப்பு. விரிவுரை நடக்கும்போதுகூட இதையே எழுதி எழுதிக் காட்டிச் சண்டை பிடித்திருக்கிறோம்.

அந்த வழக்கு ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. காரணம் என் ராத்தா, எனக்கு மூத்தவள்.

ராத்தா படம் கீறுவாள். ஆனால் முகம் கீறமாட்டாள். உயிருள்ளவற்றின் கண்ணையும் மூக்கையும் கீறுவது சரியில்லை என்பது எங்கள் உம்மாவின் நினைப்பு. உம்மாவின் மனதை நோகடிக்க ராத்தாவுக்கு விருப்பமில்லை. கீறாமலும் இருக்க முடியாது. அதனால் தன் பார்வையை இறக்கிக்கொண்டாள். முழங்காலுக்கு மேலே அவளுடைய கட்டங்களில் ஒன்றும் இருக்காது. பாதம், சாரனின் கரை, பாயின் ஓரம், கதிரைக் கால், செருப்பு. இப்படியே ஒரு முழுச் சித்திரக்கதையை முடித்து, போட்டோகொப்பி அடித்து, ஸ்டேப்ளர் குத்தித் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தாள். வசனமே கிடையாது.

கதை எங்கள் மச்சானைப் பற்றியது. அதாவது ராத்தாவின் மாப்பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ராத்தாவின் கலியாணத்தோடு வீடு அவள் பெயருக்கு மாறியது. உம்மாவும் வாப்பாவும் நானும் பின்பக்கத்து அறைகளுக்கு நகர்ந்துகொண்டோம். பாலமுனையிலிருந்து மச்சான் வந்து சேர்ந்தார். நாளைக்கு நானும் எங்கேயோ ஒரு வாசலில் செருப்பைக் கழற்றத்தான் போகிறேன்.

கதையில் புது மாப்பிள்ளையின் செருப்பு முதல் பக்கத்தில் வாசல் கேற்றுக்குப் பக்கத்தில் கிடக்கும். பக்கங்கள் புரளப் புரள மெல்ல மெல்ல உள்ளே வரும். முற்றம், படிக்கட்டு, விறாந்தை. கடைசிக் கட்டத்தில் அது சமையல் நடக்கும் குசினியின் பின்வாசலில், மாமியாரின் செருப்போடு உரசிக்கொண்டு கிடக்கும்.

எங்கள் சனலில் அதற்கு விமர்சனம் சொன்னோம். நான் புகழ்ந்தேன். "ராத்தா சோறு போடமாட்டா எண்ட பயத்தில கதைக்கிறான், நம்பாதீங்க" என்று கூட்டாளி நடுவில் குரல் கொடுத்தான். ஆனால் வீடியோ முடிந்ததும் அவன்தான் அந்தப் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

"இதக் குறும்படமா எடுக்கணும்டா. ராத்தாட்டக் கேட்டுச் சொல்லு."

ராத்தா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "திரைக்கதைய முதல்ல காட்டச் சொல்லு" என்றாள்.

அவன் எழுதிக்கொண்டு வந்தான். விறாந்தையில் உட்கார்ந்து ராத்தா வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் நின்றாள்.

"இந்தப் பொம்புளப் புள்ள அழுதழுது கார்ல ஏறுதே, எங்க போகுது?"

"மாப்பிள்ள ஊட்டுக்கு, ராத்தா."

"எந்த மாப்பிள்ள ஊட்டுக்கு?"

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பி, தான் எழுதியதையே வாசித்துப் பார்த்தான்.

"ஒண்ட உம்மா கலியாணம் முடிச்சு எங்க போனா?"

"எங்கயும் போகல்ல. வாப்பாதான் வந்தாரு."

"ஒண்ட ராத்தா?"

"அவவும் ஊட்டதான் இரிக்கா…"

நான் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்து விழப் போனேன். ஊரில் எத்தனை கலியாணச் சோறு தின்றவன்! ஒரு பெண்ணாவது வீட்டை விட்டுப் போனதை அவன் கண்டதில்லை. ஆனாலும் கெமரா என்று நினைத்தவுடன் அவனுடைய கை தானாகப் பெண்ணைக் காரில் ஏற்றி அழவைத்துவிட்டது. "படத்தில எல்லாம் பொண்ணுதானே போகும்" என்று முணுமுணுத்தான். அது எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருந்தது. கண்ணால் கண்டதைவிடத் திரையில் கண்டதுதான் எங்களுக்குள்ளே ஆழமாகக் கிடக்கிறதா? நான் எழுதியிருந்தால் மட்டும் சரியாக எழுதியிருப்பேனா?

ராத்தாவும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், கடைசிப் பக்கம் வரும்வரை. அங்கே மாப்பிள்ளையின் முகம் திரை நிறைய வருகிறது. அவன் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறான்: "இது என் வீடு."

ராத்தாவின் சிரிப்பு நின்றது.

"அவர் ஒருநாளும் இப்பிடிச் சொன்னதில்ல" என்றாள். "சொல்லவும் மாட்டார்."

அந்தக் குரலில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. கலியாணம் முடிந்து இத்தனை வருடமாகியும் மச்சான் டீவியில் சனலை மாற்றுமுன் நாங்கள் யாராவது பார்க்கிறோமா என்று கேட்பார். தண்ணீர் குடிக்கக்கூட உம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் குசினிக்குள் போவார். ஊரில் எல்லாரும் "தங்கமான மாப்பிள்ள" என்று சொல்வார்கள். ராத்தாவோ இந்த மனுசனுக்கு இது வீடா, விருந்தாளி தங்கும் இடமா என்று தெரியாமல் இருந்திருக்கிறாள்.

"அப்ப கடைசிக் கட்டத்தில குசினி வாசலில செருப்புக் கிடக்கே, அது கண்டு கீறினதா, நினைச்சுக் கீறினதா?" என்று கேட்டேன்.

"கீறினதுக்கெல்லாம் சாட்சி கேப்பியா? எழும்பிப் போடா."

பிறகு கூட்டாளியைப் பார்த்து, "முகம் காட்டக் கூடாது. ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது. கார் வேணாம். அதுக்குச் சம்மதமெண்டா எடு" என்றாள். வழக்கில் எனக்கு வெற்றி. கூட்டாளி தலையைச் சொறிந்துகொண்டே சம்மதித்தான்.

ஒரு சனிக்கிழமை மதியத்துக்குப் பிறகு எங்கள் முற்றத்திலேயே தொடங்கினோம். மாப்பிள்ளையின் கால் என்னுடைய கால். கூட்டாளி மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கெமராவுக்குள் பார்த்தான்.

"டேய், இது மாப்பிள்ளட கால் இல்ல. புத்தகம் வாசிக்கிற கால்."

"காலால ஆர்ரா வாசிக்கிற?"

"பாக்கத் தெரியுது. வெயிலே காணாத கால்."

அந்த நேரம் பார்த்து மச்சானின் மோட்டார் சைக்கிள் வந்தது. ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்துச் சந்தைக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர். வெடித்த குதிக்கால், உப்பில் வெளுத்த நகம். கூட்டாளியின் கண் அந்தக் காலை விட்டு எழும்பவில்லை.

"மச்சான், ஒரு உதவி. கால் மட்டும் போதும். ஒண்டும் நடிக்க வேணாம். தினமும் வாற மாதிரி வாங்க."

மச்சான் ராத்தாவைப் பார்த்தார். அவள் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "செய்ங்களன்" என்றாள்.

அவர் கேற்றுக்கு வெளியே போய்த் திரும்பி வந்தார். கேற்றின் ஓரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதன் பக்கத்தில் செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து, முனை வெளியே பார்க்க நேராக வைத்தார். காலைக் கழுவினார். முற்றம் முழுக்க வெறுங்காலோடு நடந்து வந்து படியேறினார்.

கூட்டாளி கெமராவை நிறுத்தவில்லை. ராத்தாவின் கதையில் அந்த இடம் முதல் பக்கம். இத்தனை வருடமும் மச்சான் முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

"ஏன் அங்கயே கழட்டுறீங்க?" ராத்தா கேட்டாள். தினமும் கண்ணுக்கு முன்னால் நடந்ததை அன்றுதான் கேட்டாள்.

"மீன் வாடை. செதிலும் ஒட்டியிரிக்கும். மாமி கூட்டுற முற்றம்."

"துறைமுகத்துக்குப் போகாத நாளையிலயும் அங்கதானே கழட்டுறீங்க?"

மச்சான் கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "பழகிப்போச்சு போல" என்றார்.

"குசினிப் பக்கம் கொண்டந்து வைங்க எண்டு நான் சொன்னா?"

"நீ சொன்னா வைக்கிறன்."

"நான் சொன்னா எல்லாம் செய்வீங்க. அதுதான் பிரச்சின."

"இது நல்ல வசனம்" என்று கூட்டாளி மண்ணில் கிடந்தபடியே சொன்னான். நான் அவனை ஒரு உதை உதைத்தேன்.

மச்சானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. புத்தகத்தை அவர் பார்த்திருக்கிறார், அது தன் செருப்பு என்றும் தெரியும். கடைசிக் கட்டத்தில் என்ன கிடக்கிறது என்று கவனித்தாரோ என்னவோ. "உள்ளே கொண்டு போகவா?" என்று குழாயடிக்கு நடந்தார்.

"தொடாதீங்க. கிடந்த மாதிரியே கிடக்கட்டும். கடைசிப் பக்கத்தத் திரும்பக் கீறப் போறன்."

சொன்னவள் கடதாசியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே பார்த்தபடி கிடக்கும் அந்தச் செருப்பைக் கீறத் தொடங்கினாள். முகத்தில் கோபம் இல்லை. தப்பான கணக்கைத் திருத்துகிறவளின் முகம். எனக்கோ தலைக்குள் புதிதாக ஒன்று ஓடியது. கூட்டாளி புத்தகத்துக்கு உண்மையாக இல்லை என்று இத்தனை நாள் சண்டை பிடித்தேனே, புத்தகம் மச்சானுக்கு உண்மையாக இருந்ததா? முதலில் மாற்றியது யார்?

இதைச் சொன்னதும் கூட்டாளி உடம்பில் மண்ணோடு எழும்பி உட்கார்ந்தான். "அப்ப நான் வெண்டிட்டனா?"

"ஒருத்தரும் வெல்லல்ல. கெமராவ மூடி வை."

பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மச்சான் முகம் கைகால் கழுவிக்கொண்டு வந்து படியில் நின்றார். அவருடைய செருப்பு அங்கே குழாயடியில், ராத்தாவின் பென்சிலுக்காகக் காத்துக் கிடக்கிறது. எடுக்கக் கூடாது. ஒரு கணம் அங்கும் இங்கும் பார்த்தார். வீட்டைச் சுற்றிக் குசினிப் பின்வாசல் பக்கம் போனார். திரும்பி வந்தபோது அவர் காலில் உம்மாவின் செருப்பு இருந்தது. ஊதா நிறம். அவருடைய குதிக்கால் பாதி வெளியே தொங்கியது. யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. டப் டப் என்று முற்றத்தைக் கடந்து, கேற்றைச் சாத்தி, ஒழுங்கை வழியே பள்ளிவாசல் பக்கம் நடந்தார்.

குசினிக்குள்ளிருந்து உம்மாவின் சத்தம் கேட்டது. "ஆர்ரா என்ட செருப்ப எடுத்த?"

ராத்தாவின் பென்சில் நின்றிருந்தது.

"அல்லாவே, கெமராவ மூடிட்டனே!" என்று கூட்டாளி தலையில் கை வைத்தான். "ராத்தா, தொழுதுட்டு வந்ததும் மச்சான இன்னொருக்கா போட்டு நடக்கச் சொல்லுவமா?"

"வேணாம். சொன்னா செய்வார்."

கீறிக்கொண்டிருந்த கடதாசியை மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்தாள். முதல் கோட்டைப் போட்டவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"உம்மாட செருப்பில வார்ல பூ இரிந்திச்சா, கோடா?"

நான் பூ என்றேன். கூட்டாளி கோடு என்றான். சண்டை தொடங்கிவிட்டது. கடைசியில் மூன்று பேரும் கேற்றடிக்குப் போய், ஒழுங்கையின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம், அந்தக் கால்கள் திரும்பி வரும்வரை.