ஐம்பத்தைந்து வோல்ட் அதிகம்

என் அத்தானுக்குத் தெருவில் பெயர் ‘வால்வு’. பல்பு மாதிரி கண்ணாடி வால்வு போட்ட பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்ப்பவர். என் அக்கா கண்மூடி நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மாடியறையில் ஒற்றை ஆள், பேச்சுத்துணைக்கு மல்ட்டிமீட்டர்.

கிடார் வாத்தியாரின் ஆம்ப்ளிஃபயர் ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக அவர் மேஜைக்கு வந்திருந்தது. யாரோ ஒரு மேதாவி அதன் பவர் சப்ளையில் கைவைத்து, ரெக்டிஃபயர் வால்வைப் பிடுங்கிவிட்டு டயோடு போட்டிருக்கிறான். வோல்ட்டேஜ் எகிறி, நாலு மாதத்துக்கு ஒருமுறை மற்ற வால்வுகள் காலி. அத்தான் புதிது மாற்றுவார். வாத்தியார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வாசித்து, டீ குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டுப் போவார்.

நானும் மில்லில் எலக்ட்ரீஷியனாக முப்பது வருஷம் குப்பை கொட்டியவன். மீட்டரை வைத்துப் பார்த்தேன். முன்னூற்றுத் தொண்ணூற்றைந்து! உள்ளே வால்வின் தகடு சிவந்துகொண்டிருந்தது.

“என்ன அத்தான் இது? ஒரு ரெசிஸ்டர் போட்டா முன்னூத்தி நாப்பதுக்கு இறங்கிடுமே. உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் என்ன?”

சால்டரிங் முனையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். “சரி பண்ணிட்டா அந்த மனுஷன் எதுக்கு மாப்ள இங்க வரப்போறாரு?”

எனக்கு வந்ததே கோபம். “டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சு அவரு வீடு பத்திக்கிட்டா? உங்களுக்குப் பொழுதுபோக அவரு குடி முழுகணுமா?”

கத்தியிருக்கக் கூடாது. மனிதருக்கு முகம் செத்துவிட்டது. சுவிட்சை அணைத்தார், கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த சார்ஜை இறக்கினார், ரெசிஸ்டரை வைத்துப் பற்றவைத்தார். மறுபடி சுவிட்சைப் போட்டு, ஷாக் நெஞ்சு வழியாகப் பாயாமலிருக்க இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் அளந்தார். முன்னூற்று அறுபத்திரண்டு. அதை எடுத்துவிட்டு வேறொன்று: முன்னூற்று ஐம்பத்தொன்று. மூன்றாவதுக்குத்தான் முன்னூற்று நாற்பது வந்தது. இத்தனை மெதுவாக அவர் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் வாத்தியார் வந்து வாசித்துப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

“அட, சத்தம் இன்னும் இதமா இருக்கே! இனிமே அடிக்கடி உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லையே?”

“வேண்டியதில்ல சார். வருஷக்கணக்கா ஓடும்.”

பெட்டி படியிறங்கிப் போகும்வரை அத்தான் கதவோரம் நின்றார். பிறகு அலமாரியிலிருந்து என் வீட்டு மிக்சியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

“உன்னோடதும் ரெடி. வேற ஏதாச்சும் ரிப்பேர் இருக்கா மாப்ள?”

“ஏன், ரிப்பேர் இருந்தாத்தான் நான் வரணுமா?” என்று சீறினேன்.

மிக்சியைக் கையில் எடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. அக்கா போன இந்த நாலு வருஷத்தில், கெட்டுப்போன சாமான் ஒன்று கையில் இல்லாமல் நான் அந்த மாடிக்கு ஏறியதே இல்லை.