வாழைக்குப் பின்னால் துருவ நட்சத்திரம்

எங்கள் கல்யாணத்தன்று அருந்ததி பார்க்கப் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்து நிறுத்தினார்கள். பட்டப்பகல். வானத்தைக் காட்டி, "கண்டியா மக்கா?" என்று சித்தி கேட்டாள். நான் என் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே "கண்டேன்" என்றேன். பக்கத்தில் நின்றவரும் "கண்டேன்" என்றார். அவராவது மேலே பார்த்துவிட்டுச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு வருஷமும் எனக்கு அப்படியேதான் போயிற்று. குனிந்த தலை நிமிர்ந்ததில்லை. ஊரில் பல பேரை முகத்தைவிடக் காலை வைத்துத்தான் எனக்கு அடையாளம் தெரியும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியபோது டீச்சருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரிந்திருக்காது.

என் வீட்டுக்காரர் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். முப்பத்தைந்து வருஷம் கம்பத்தில் ஏறி ஊருக்கெல்லாம் வெளிச்சம் போட்டவருக்கு, ஓய்வுக்குப் பிறகு இருட்டின் மேல் ஆசை வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கும் மகன் நாலு வருஷத்துக்கு முன்பு லீவுக்கு வந்தபோது ஒரு டெலஸ்கோப் கொண்டுவந்தான். போனில் வீடியோ பார்த்துப் பார்த்து இவர் எல்லாம் படித்துக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் முற்றம், அதைத் தாண்டினால் தெற்கே சுசீந்திரம் கோபுரம்வரைக்கும் வயல். அந்த முற்றத்தில் மூன்று காலை ஊன்றி, அதன்மேல் மோட்டாரும் குழலும் கேமராவும் வைப்பார்.

முதலில் நான் கிட்டப் போகவில்லை. ஒரு நாள் அவர், "ஏட்டி, இஞ்ச வா. உன் நட்சத்திரத்தக் காட்டுகேன்" என்றார்.

"என் நட்சத்திரமா?"

"நீ அத்தம்லா? அந்தா பாரு, புளியமரத்துக்கு மேல. நாலஞ்சு நட்சத்திரம் கை மாதிரி."

அறுபது வருஷமாகக் கோவிலில் அர்ச்சனைக்கு அத்தம், அத்தம் என்று சொல்லியிருக்கிறேன். அது பஞ்சாங்கத்தில் இருக்கும் ஒரு பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்று நிஜமாகவே இருக்கும், அதுவும் எங்கள் புளியமரத்துக்கு மேலே தினமும் வந்து நின்றிருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அதற்குச் சற்றுக் கிழக்கே வெள்ளையாகப் பளிச்சென்று ஒன்று. "அது சித்திரை" என்றார். சித்திரையும் இருந்தது!

"இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேலக்ஸி இருக்கு" என்றார். "கண்ணுக்குத் தெரியாது. கோடிக்கணக்கான நட்சத்திரம் சேர்ந்த கூட்டம். அங்கேருந்து வெளிச்சம் இஞ்ச வந்து சேர மூணு கோடி வருஷம் ஆவும். அத ஒரு படம் எடுத்துரணும்."

எனக்கு அதிகம் போனால் லட்சம்வரை எண்ணத் தெரியும். கோடி, அதிலும் வருஷம்! அன்று ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை.

அந்தப் படம் லேசில் கிடைக்கவில்லை. முதல் வருஷம் கோடை மழை. அடுத்த வருஷம் இவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரி. கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், டெலஸ்கோப்பை வேறு எங்கும் கொண்டுபோக வழியில்லாமல் போயிற்று. எடுத்தால் எங்கள் முற்றத்தில் எடுக்க வேண்டும். மூன்றாம் வருஷம் எடுத்த படத்தில் நட்சத்திரமெல்லாம் புள்ளியாக இல்லாமல் கோடுகோடாக இழுத்திருந்தது.

நாலாவது வருஷம், அதாவது இந்தச் சித்திரையில், தெற்கே வயலுக்கு நடுவில் கல்யாண மண்டபம் கட்டி முடித்தார்கள். ஒரு சாயங்காலம் அதன் உயர விளக்குகளைப் போட்டுப் பார்த்தார்கள். தெற்கு வானம் முழுக்கக் கஞ்சித்தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. அத்தத்தைக் காணவில்லை. புதன்கிழமை மண்டபம் திறப்பு. அதற்குள் நாலே ராத்திரி. நிலவும் இல்லாத நாட்கள். "இதுல கெடச்சா உண்டு. இல்லேன்னா இல்ல" என்றார்.

படம் கோடாக இழுத்தது எதனால் என்பதையும் அப்போதுதான் எனக்கு விளக்கினார். வானம் முழுக்க மாவு திரிக்கும் திருவைக்கல் மாதிரிச் சுற்றுகிறது. அதற்கு நடுமுளை துருவ நட்சத்திரம். அது மட்டும் நகராது. மோட்டாரை அந்த முளைக்கு நேரே பொருத்தினால்தான் குழல் வானத்தோடு சேர்ந்து திரும்பும். நம் ஊர் நாட்டின் தென்கோடியில் இருப்பதால் துருவ நட்சத்திரம் வடக்கே மலைக்குக் கொஞ்சம் மேலே, தரையை ஒட்டித்தான் நிற்கும். எங்களுக்கும் அதற்கும் நடுவே அடுத்த வீட்டு அக்காவின் வாழை நின்றது. மதிலோரத்தில் குலை தள்ளிய செவ்வாழை. அதன் இரண்டு இலை சரியாக அந்த இடத்தை மறைத்தது.

"நீ போயிக் கேளு" என்றார்.

அவரே கேட்கலாமே என்றால், முடியாது. இருபது வருஷத்துக்கு முன்னால் கம்பியில் தட்டுகிறது என்று அந்த அக்காவின் பலாமரத்துக் கிளையை வெட்டியவர் இவர். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் அவள் பாடினால் ரோட்டுக்குக் கேட்கும் என்பார்கள். நான் அவள் முன்னால் நின்றால் அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

போனேன். போய் நின்றேன்.

"என்னட்டி?" என்றாள்.

துருவ நட்சத்திரம் என்று எப்படிச் சொல்வது? கிழவிக்குப் பைத்தியம் என்று நினைத்துவிட்டால்? "அக்கா... கொஞ்சம் இலை வேணும்" என்று வாயில் வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் வாழை இலை கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மதிலோர வாழைதான் கிட்ட நிற்கிறது, மறைக்கிற இலையைத்தான் வெட்டுவாள், வேலையும் முடியும், ஒன்றும் சொல்லவும் வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். அக்கா கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய், நல்ல தலைவாழை இலையாக ஆறு வெட்டிச் சுருட்டிக் கையில் தந்தாள்.

வீட்டுக்காரர் இலைச் சுருளைப் பார்த்தார். அடுத்த வீட்டு மதிலைப் பார்த்தார். வாழை அப்படியே நின்றது. "இலை வந்துட்டு. நட்சத்திரம் வரலயே" என்றார். அன்று இரண்டு பேரும் தலைவாழை இலை போட்டு ரசஞ்சோறு சாப்பிட்டோம்.

மறுநாளும் போனேன். "மதில் பக்கத்து வாழையில உள்ள இலை போரும் அக்கா" என்று கொஞ்சம் தெளிவாகவே சொன்னேன்.

"அது காத்துல கிழிஞ்சு நாராக் கெடக்குட்டி. விருந்துக்கு ஆவாது. ஒனக்கு நான் கிழிஞ்ச இலையா தருவேன்?" என்று மறுபடியும் பின்னால் போய்விட்டாள். இந்தத் தடவை எட்டு இலை. "நேத்தும் இலை, இன்னைக்கும் இலை. வீட்டுல என்ன விசேஷம்? எங்களக் கூப்புடாம யாரக் கெட்டிக் குடுக்கிய?"

நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டு ராத்திரி போயிற்று.

மூன்றாம் நாள் சாயங்காலம் இவர் டெலஸ்கோப்பைத் துடைத்து, என் பழைய சேலையால் மூடிக் கட்டிக்கொண்டிருந்தார். நான் நிற்பதைக் கண்டதும், "விடுட்டி. மூணு கோடி வருஷமா வந்துட்டிருக்க வெளிச்சம். நம்ம வீட்டுல எறங்கலேன்னா அது வேற எங்கயாவது போயி எறங்கும்" என்றார். கோபமே இல்லை அவர் குரலில். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு தூரம் வந்த ஒன்று, நான் வாய் திறக்காததால் எங்கள் முற்றத்தைத் தாண்டிப் போவதா?

செருப்புக்கூடப் போடாமல் போனேன். அக்கா வாசலில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தாள். "இலை தீந்து போச்சுட்டி, இனி வேரத்தான் தோண்டணும்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு கண்ணில் பூ விழுந்திருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"இலை வேண்டாம் அக்கா. உங்க வாழைக்குப் பின்னால துருவ நட்சத்திரம் இருக்கு. அத எங்களுக்குப் பாக்கணும்."

உருவுகிற கை நின்றது.

"எதுக்குப் பின்னால?"

"மதிலோர வாழைக்கு."

"எனக்க வாழைக்குப் பின்னாலயா?" எழுந்துபோய் வாழைக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தாள். இன்னும் வெளிச்சம் போகவில்லை, ஒன்றும் தெரியாது. நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கேலக்ஸி, மூன்று கோடி வருஷம், மண்டபத்து லைட், நாளைக்கு அடுத்த நாள் திறப்பு. ஒரே நேரத்தில் அவ்வளவு வார்த்தை நான் பேசியதே இல்லை.

"இத மொதல்லயே சொல்லக்கூடாதா? பதினாலு இலைய வெட்டிப் போட்டேனே பாவி. வாழையவே வெட்டட்டா?"

"ஐயோ, குலை தள்ளினது. வெட்டாண்டாம். ரெண்டு இலையக் கெட்டி வச்சாப் போரும்."

தென்னங்கயிற்றால் இரண்டு இலையையும் வாழையோடு சேர்த்துக் கட்டினோம். அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, இருபது வருஷத்துக்குப் பிறகு இவரோடு பேசினாள்: "லைன்மேனே! அன்னைக்குப் பலா, இன்னைக்கு வாழையா? கம்பத்துக்கு இழுத்து முடிச்சு, இப்பம் நட்சத்திரத்துக்கு லைன் இழுக்கீரோ?"

இவர் டெலஸ்கோப்பைக் கட்டியிருந்த சேலையை அவிழ்த்தார். பிறகு, "நீங்களும் பாக்க வாங்க" என்றார்.

இருட்டியதும் அக்கா வந்துவிட்டாள். இவர் மண்ணில் முழங்கால் போட்டு, மோட்டாரில் இருந்த சின்னக் குழலில் கண் வைத்தார். மோட்டாரின் திருகாணியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். பிறகு, "கெடச்சுட்டு" என்றார். "ஏட்டி, நீ பாரு. கண்டியா?"

"கண்டேன்."

"கண்ண இன்னும் வைக்கவே இல்லியே" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். இந்தத் தடவை ஒழுங்காகக் கண்ணை வைத்தேன். மலைக்கு மேலே, கட்டி வைத்த வாழையை ஒட்டி, சாதுவாக ஒரு சின்ன நட்சத்திரம். அதிகப் பிரகாசம் இல்லை. கூட்டத்தில் பின்னால் நிற்கிற ஆள் மாதிரி. அதைச் சுற்றித்தான் எல்லாம் ஓடுகிறது என்றால் நம்ப முடியவில்லை.

குழலைத் தெற்கே திருப்பினார். கேமரா இரண்டு நிமிஷம் கண் திறந்திருக்கும், பிறகு மூடும், ஒரு படம். அப்படி நூறு படம் எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். முதல் படம் லேப்டாப்பில் வந்தது. நட்சத்திரமெல்லாம் புள்ளி. ஒன்றுகூட இழுக்கவில்லை. நடுவில் விரலால் மாவைத் தொட்டு வைத்ததுபோல ஒரு தீற்றல்.

"கண்ணாடில அழுக்கு" என்று அக்கா முந்தானையை எடுத்தாள்.

"தொடாதீங்க, தொடாதீங்க! அதுதான் அது!"

வயலில் தவளை கத்தியது. அக்கா கயிற்றுக்கட்டிலில் உறங்கிவிட்டாள். நான் ஒரு முக்காலியில் தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தேன். கழுத்து வலித்தது, குனியத் தோன்றவில்லை. இந்த வெளிச்சம் அங்கே புறப்பட்டபோது கோவில் இல்லை, வயல் இல்லை, இந்த ஊருக்குப் பேர் வைக்க ஆள் இல்லை. அத்தம் என்று சொல்ல ஒரு நாக்கு உலகத்தில் இல்லை. யாரும் பார்க்கப் போவதில்லை என்று அது கிளம்பாமல் இருக்கவில்லை. கிளம்பி, வழியில் எதிலும் தட்டாமல், கடைசியில் ஒரு வாழை இலையில் தட்ட இருந்தது. நினைக்க நினைக்க எனக்கு அழுகை மாதிரி வந்தது. அது அழுகையும் இல்லை.

மறுநாள் மத்தியானம் நூறு படத்தையும் அடுக்கி முடித்து என்னைக் கூப்பிட்டார். ஆப்பத்தைத் தட்டிலிருந்து எடுத்து, விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் எப்படி இருக்கும்? நடுவில் தடிப்பாகப் பொங்கி, இரண்டு பக்கமும் மெல்லிசாக நீண்டு. அப்படி இருந்தது. விளிம்போடு கரிந்ததுபோல ஒரு கறுப்புக் கோடு. அது தூசு என்றார். எத்தனையோ கோடிச் சூரியன், அதற்குக் குறுக்கே ஓடும் தூசு. அதைப் பார்த்துக்கொண்டு எங்கள் அடுக்களையில் நான் நிற்கிறேன், அடுப்பில் சோறு கொதிக்கிறது.

"கண்டியா?" என்றார், மெதுவாக.

"கண்டேன்" என்றேன். அந்த வார்த்தையை நான் பொய்யில்லாமல் சொன்னது அப்போதுதான்.

மண்டபம் திறந்த பிறகு முதல் கல்யாணத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்தது. சாயங்கால வரவேற்பு. மண்டபத்து முற்றம் முழுக்க வெள்ளை வெளிச்சம், நாற்காலியெல்லாம் ஆட்கள். அக்கா கண்டவர்களிடமெல்லாம், "எனக்க வாழையக் கெட்டி வச்ச பொறவுதான் அந்த ஆப்பம் மாதிரிக் கேலக்ஸி படத்துல விழுந்துது, கேட்டியா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரோ நம்பாமல் சிரித்தார்கள். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்க, "ஏட்டி, அந்த ஆப்பம் எங்கன இருக்கு? இவங்களுக்குக் காட்டு" என்றாள்.

எல்லா முகமும் என்னைப் பார்த்தது. அண்ணாந்தேன். வானம் கஞ்சித்தண்ணீர்தான். சித்திரை மட்டும் ஒரு பொட்டாகத் தெரிந்தது. அத்தம் இல்லை. சித்திரையிலிருந்து மேற்கே அளந்து, கையை நன்றாக உயர்த்திக் காட்டினேன்.

"அங்கன."

"ஒண்ணும் காணலயே பாட்டி" என்றது ஒரு பெண்குரல்.

"இப்பம் காணாது மக்கா. ஆனா அங்கனதான் இருக்கு."

இரண்டு மூன்று பேர் நாற்காலியை விட்டு எழுந்து, கையால் விளக்கை மறைத்துக்கொண்டு, நான் காட்டிய இடத்தைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்து முடிக்கிறவரைக்கும் நான் கையை இறக்கவில்லை.