மனைவியின் மச்சான் செய்த சாக்லேட்

காலை ஒன்பது மணிக்குத் திருமங்கலத்தில் பஸ் ஏறும்போதே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. போகிற ஊர் பரவை. பார்க்கப் போகிற ஆள் சரவணன், என் மனைவி செல்விக்குத் தாய்மாமன் மகன். ஜாதகம் பொருந்தியிருந்தால் அவனைத்தான் அவள் கட்டியிருப்பாள். பொருந்தவில்லை, நான் கட்டினேன். அந்தச் சரவணன் இப்போது கையால் சாக்லேட் செய்து விற்கிறான். வந்து தின்று பார்க்கச் சொல்லி போன் மேல் போன். பெயிண்ட் கடையைப் பூட்டிவிட்டு நானும் கிளம்பினேன். அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, அதுதான் உண்மை.

ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் மாறினோம். விளாங்குடி தாண்டும்வரை பஸ் ஊர்ந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. முறைமாப்பிள்ளையைப் பார்க்க அவள் ஓசியில் போகிறாள், காசு கொடுத்துப் போகிறவன் நான்! இதில் புதுச்சேலை வேறு.

"சாக்லேட் திங்க எதுக்குடி புதுச்சேல?"

"பின்ன, பெயிண்ட் கடைக்கா போறேன்?"

பத்தரை மணிக்குப் பரவை. காய்கறி மார்க்கெட்டைத் தாண்டி இரண்டாவது தெருவில், மாடியில் வீடு, கீழே தொழில். வாசலில் நின்ற சரவணனைப் பார்த்ததும் செல்வி, "நல்லாருக்கீங்களா மச்சான்?" என்றாள்.

மச்சானாம்! என்னை இத்தனை வருடமாக 'ஏங்க' என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன மாப்ள, எப்படி இருக்க?" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

மதுரைப் பக்கம் யாரை வேண்டுமானாலும் மாப்ள என்போம். நான் அப்படிச் சொல்லவில்லை. முறைப்படி, மனைவியின் உடன்பிறந்தவன்தான் எனக்கு மாப்ள. ஒரே வார்த்தையில் அவனை அவளுக்கு அண்ணனாக்கிவிட்டேன். சரவணன் அசரவில்லை.

"மாப்ளன்னு சொல்லாதீங்கண்ணே, முறை மாறிப்போகும்ல. முறைப்பொண்ணக் கட்டுன நீங்க எனக்கு அண்ணன்" என்று சிரித்தான். செல்வி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு முகம் சிவந்துவிட்டது.

பொள்ளாச்சித் தோப்புகளில் விளைந்த கொக்கோ விதையை வாங்கி வறுத்து, தோல் நீக்கி, கருப்பட்டி சேர்த்துக் கல் கிரைண்டரில் அரைக்கிறான். நம் வீட்டு மாவு கிரைண்டர் மாதிரியேதான், ஆனால் இரண்டு நாள் நிற்காமல் ஓடுமாம். ஏசி அறையில் அவன் மனைவி சாக்லேட்டுக்குத் தாள் சுற்றிக்கொண்டே செல்வியோடு அரட்டை அடித்தார். அந்தம்மாவுக்கு எந்த எரிச்சலும் இல்லை.

"மெல்லாதீங்கண்ணே. நாக்குல வச்சுக் கரைய விடுங்க" என்று சரவணன் ஒரு துண்டு கொடுத்தான்.

"என்னப்பா, இம்புட்டுக் கசக்குது?" குறை கண்டுபிடித்த சந்தோஷத்தில் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் கருப்பட்டி இனிப்பு மெதுவாக நாக்கில் ஏறியது, கூடவே லேசான புளிப்பு. பாவிப்பயல், நன்றாகத்தான் செய்திருந்தான். செல்வி கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். நான் வாங்கிக்கொடுத்த எதையும் அவள் அப்படித் தின்றதில்லை. ஐம்பது கிராம் நூற்றெண்பது ரூபாய் என்று அட்டையில் போட்டிருந்தது. பணத்தை நீட்டினால் வாங்க மறுத்துவிட்டான். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மணிக்குத் திரும்பும் பஸ். அவன் கட்டிக்கொடுத்த டப்பாவை வெயில் அடிக்கிற ஜன்னலோரமாக வைத்தேன். உருகித் தொலையட்டும்!

செல்வி பார்த்துவிட்டாள். "வேணும்னேதான வச்சீங்க? அம்புட்டுப் பொறாமையா?"

"ஆமா. அவனக் கட்டலையேன்னு உனக்கு இருக்கா, இல்லையா? அதச் சொல்லு."

டப்பாவை எடுத்து மடியில் வைத்து முந்தானையால் மூடினாள்.

"ஜாதகம் சேரலன்னு பெரியவங்க சொன்னதும், சரின்னு தலையாட்டிட்டுப் போனவன் அவன்" என்றாள். "ஒரு வார்த்த ஏன்னு கேக்கல. நீங்கன்னா சோசியர் சட்டையப் பிடிச்சிருப்பீங்க."

டப்பாவில் வெயில் படாமல் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன். பரவைப் பக்கம் போகிறவர்கள் சரவணனின் சாக்லேட்டைத் தின்று பாருங்கள். என் வாயால் சொல்கிறேன், அருமையாக இருக்கிறது.